அரைக்கால் வாட்ஸ்

ராத்திரி பத்தரை மணி. பையன் தூங்கிவிட்டான். நான் ஹாலில் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, ஸ்பீக்கரின் முதுகிலிருக்கும் சிவப்பு டெர்மினலில் ஒரு முனையும் கறுப்பு டெர்மினலில் ஒரு முனையுமாக மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக இரவில் கேட்கிற சத்தத்தில் ஒரு கச்சேரிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் ஏ.சி. வோல்ட்டில். எண் நிலைகொள்ளாமல் 0.6, 0.8, 0.7 என்று ஆடியது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி, "என்னங்க, ஷாக் அடிக்கப் போகுது" என்றாள். அடிக்காது. அடிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம்.

கணக்கு சின்னது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம் எண்ணால் (அதன் மின்தடை அளவு) வகுத்தால் வாட்ஸ். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49. என் ஸ்பீக்கர் 4 ஓம். வகுத்தால் ஏறக்குறைய 0.12. எட்டில் ஒரு பங்கு. பழைய வாய்ப்பாட்டில் சொன்னால் அரைக்கால். அந்த அரைக்கால் வாட்ஸை எடுத்துக் கொடுக்க நான் வாங்கி வைத்திருந்தது சேனலுக்கு 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர். பதினொரு கிலோ எடை. இன்னும் நாலு தவணை பாக்கி.

இசையை அளக்க இந்தச் சாதா மீட்டர் சரியான கருவி இல்லை. மேல் ஸ்தாயிச் சத்தங்களை ஒழுங்காகப் படிக்காது. திடீர் அடிகளைச் சராசரியில் கரைத்துவிடும். சரி, உண்மையான வோல்ட் இதைப்போல இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அரை வாட்ஸ்தான் வருகிறது.

மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னது அண்ணாச்சி. குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ரேடியோ, மிக்ஸி, எமர்ஜென்சி விளக்கு எல்லாம் பழுது பார்க்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். என் ஸ்பீக்கரின் எரிந்துபோன ட்வீட்டரை (மேல் ஸ்தாயிச் சத்தம் தரும் சின்ன வட்டம்) மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த ட்வீட்டர் எரிந்த கதையைச் சொன்னால்தான் 100 வாட்ஸ் வந்த கதை புரியும்.

முதன்முதலில் நான் வாங்கியது அடக்கமான, பார்க்க லட்சணமான ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ஒரு பெரிய அகராதியை நிமிர்த்தி வைத்த அளவுதான். 4 ஓம், சென்சிட்டிவிட்டி 84 டெசிபெல் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்ப். அதன் பெட்டியில் கொட்டை எழுத்தில் "300+300 வாட்ஸ்". கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும்: 24 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 72. உள்ளே போவதே மொத்தம் 72 வாட்ஸ் என்றால் வெளியே 600 எங்கிருந்து வரும்? பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பையனின் பிறந்தநாள். இருபது பிள்ளைகள், பலூன், கூச்சல். யாரோ "சத்தம் பத்தலை அங்கிள்" என்றார்கள். திருகினேன். இன்னும் பத்தவில்லை. கடைசிவரை திருகினேன். பாட்டு கரகரத்தது. பத்து நிமிஷத்தில் வலது பக்கம் மந்தமாகிவிட்டது. தலையணையை வைத்து அமுக்கியது போல. ட்வீட்டர் போய்விட்டது. சின்ன ஆம்ப் எப்படிப் பெரிய ஸ்பீக்கரை எரிக்கும் என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஆம்ப் தன் சக்திக்கு மேல் தள்ளும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில் அசல் பாட்டில் இல்லாத மேல் ஸ்தாயிச் சக்கை நிறையச் சேருகிறது. கூடவே, உச்சிகள் மட்டமாகிவிடுவதால் பாட்டின் சராசரிச் சக்தியும் ஏறுகிறது. இரண்டையும் வாங்கிக்கொள்வது தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியில் சுற்றிய ட்வீட்டரின் கம்பிச்சுருள். அது எத்தனை நேரம் தாங்கும்?

கடையில் போய்ச் சொன்னேன். "வாட்ஸ் பத்தல சார். 100 வாட்ஸ் எடுங்க, கவலையே இல்ல" என்றார் கடைக்காரர். பாதி உண்மை. பாதி உண்மைக்கு முழு விலை கொடுத்து எடுத்து வந்தேன். கரகரப்பு நின்றது. ஆனால் நான் எதிர்பார்த்த அந்த பேஸ் (கீழ் ஸ்தாயிச் சத்தம்), எண்பதுகளின் இளையராஜா பாட்டில் அடியில் நடந்துபோகுமே ஒரு பேஸ் கிட்டார், அது வரவில்லை. 100 வாட்ஸிலும் அதே சின்னப் பெட்டிதான்.

அண்ணாச்சியிடம் புலம்பினேன். கையில் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது. "தம்பி, நீங்க வூட்ல கேக்கற சத்தத்துக்கு எத்தன வாட்ஸ் போவுதுன்னு அளந்து பாத்தியளா?" என்றார். அப்புறம் தன் பழைய கதையைச் சொன்னார். இளமையில் ஊரில் மைக் செட் வைத்திருந்தாராம். ஆடி மாதக் கோவில் கொடை என்றால் நாற்பது வாட்ஸ் ஆம்ப் ஒன்று, தென்னைமரத்தில் கட்ட இரண்டு குழாய் ஸ்பீக்கர். விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரி ஆரம்பித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்வரை கேட்கும். "அது ஆம்ப்ளிஃபயர் பவரு இல்ல தம்பி, குழாயோட பவரு."

மைக் செட்டுக்காரர்கள் அனுபவத்தில் கண்டதைத்தான் அட்டையில் சென்சிட்டிவிட்டி என்று போடுகிறார்கள். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட்ஸ். கூம்புக் குழாய்கள் 105, 110 டெசிபெல் வரை போகும். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 83-க்கும் 89-க்கும் நடுவில். இருபது டெசிபெல் வித்தியாசம் என்றால் சக்தியில் நூறு மடங்கு. 107 டெசிபெல் குழாய்க்கு ஒரு வாட்ஸ் கொடுத்து வரும் சத்தத்தை 87 டெசிபெல் ஸ்பீக்கரில் வரவழைக்க 100 வாட்ஸ் வேண்டும். இதே கணக்கில் 50 வாட்ஸ் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்குத் தெரியும், ஆனால் "அடேயப்பா" என்று சொல்லத் தோன்றாது. சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது ஒரு வாட்ஸ் இல்லை, இரண்டு. ஆகவே என் ஸ்பீக்கரின் 84 டெசிபெல், வாட்ஸ் கணக்கில் 81தான். அட்டையில் பொய் எதுவும் இல்லை. படிக்கத் தெரியாதவன் நான்.

அப்படியானால் எல்லா ஸ்பீக்கரையும் 95 டெசிபெலில் செய்துவிட வேண்டியதுதானே? முடியாது. 1957-இல் அமெரிக்காவில் கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஜோசப் அன்டன் ஹாஃப்மன். பெயரின் கடைசி எழுத்து அவருடையதுதான். அவர் பெயரால் ஒரு விதி சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக வேண்டும், சென்சிட்டிவிட்டியும் அதிகமாக வேண்டும். மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்கிற நம் ஆட்களை ஹாஃப்மன் பார்த்திருக்க வாய்ப்பில்லை; ஆனால் விதி நமக்காகவே எழுதியது போல இருக்கும். சின்னப் பெட்டியிலிருந்து "தும் தும்" என்று பேஸ் வருகிறதென்றால், அந்த ஸ்பீக்கர் தன் சென்சிட்டிவிட்டியை விற்று அதை வாங்கியிருக்கிறது. அல்லது உள்ளே எங்கேயோ காதை ஏமாற்றுகிறது.

ஏமாற்றுவது என்றால் மோசடி இல்லை. இந்த வகை ஸ்பீக்கர்களுக்கெல்லாம் பாட்டன் ஒருவர் உண்டு: எழுபதுகளில் பி.பி.சி.யின் பொறியாளர்கள் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து பேச்சும் பாட்டும் சரியாகப் போகிறதா என்று கேட்டுச் சரிபார்க்கச் செய்தது. ஒரு அடி உயரம், ஏழரை இஞ்ச் அகலம். கே.இ.எஃப். கம்பெனியின் பேஸுக்கு ஐந்து இஞ்ச் வூஃபர் ஒன்று, ட்வீட்டர் ஒன்று. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கி ஒரே வடிவத்தைத் தயாரித்தன. அடி பேஸ் அதில் கிடையாது. வேனுக்குள் அதற்கு இடமேது? ஆனால் அதற்குச் சற்று மேலே, பேஸின் மேல்பகுதியில் லேசாக ஒரு மேடு வைத்தார்கள். காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது வராது. அதன் மடங்குகளான 82-ம் 123-ம் வந்தால் போதும், மூளை 41-ஐக் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. டீக்கடைச் சின்ன ரேடியோவில்கூடப் பேஸ் கிட்டாரின் நடையைப் பின்தொடர முடிவது இதனால்தான்.

அந்தப் பாட்டனுக்குச் சென்சிட்டிவிட்டி 83-க்குக்கூடத் தத்தளிக்கும். மனிதக் குரலுக்காக மட்டும் இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குரலை முதலில் வைத்து, மற்றதைப் பிறகு பார்த்த வடிவமைப்பு அது. ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பதிலும் அந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டாவது தடவை ஸ்பீக்கர் வாங்கப் போனபோது கடையில் ஓடிய டெமோப் பாட்டுகளைக் கேட்க மறுத்துவிட்டேன். கண்ணாடி உடைகிற சத்தம், ஒற்றைக் கிட்டார், மூச்சு விடுவதுகூடக் கேட்கிற மேல்நாட்டுப் பெண்குரல் என்று எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகவே ஒலிக்கும்படி பொறுக்கிய சரக்கு அது. பென்டிரைவில் என் சரக்கைக் கொண்டுபோனேன். முதலில் ஓர் ஆண் குரல், வெறும் பேச்சு. செய்தி வாசிப்பது போல. அது தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பேசுவது போலக் கேட்டால் அந்த ஸ்பீக்கர் அங்கேயே கழிந்தது. குரலை நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அதில் காதை ஏமாற்றுவது கஷ்டம்.

அடுத்தது மிருதங்கம். வலப்பக்கமான வலந்தலையின் "நம்", "தீம்" எல்லாம் அனேகமாக எந்த ஸ்பீக்கரும் சொல்லிவிடும். தொப்பி என்கிற இடப்பக்கம்தான் பரீட்சை. ரவையைப் பிசைந்து தொப்பியில் ஒட்டியிருப்பார்கள். அந்த ஈரப் பசைதான் சத்தத்துக்குக் கனம் கொடுக்கிறது. உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது "கும்" என்று வளைந்து ஏறும் ஓசை, கும்கி, அது ஏறுகிற வழி முழுக்கக் கேட்க வேண்டும். மோசமான ஸ்பீக்கரில் எல்லா அடியும் ஒரே சுருதியில் "டொம் டொம்" என்று விழும். அது மிருதங்கத்தின் சுருதி அல்ல, பெட்டியின் சுருதி. கடையில் நாலு ஜோடியில் இரண்டு இங்கே தோற்றன. ஒன்று விலையில் மற்றதைப்போல இரண்டு மடங்கு.

கடைசியாக நாதஸ்வரம். காதைக் குடையாமல், ஆனால் அந்தக் கம்பீரம் குறையாமல் வர வேண்டும். ட்வீட்டரின் யோக்கியதை அதில் தெரிந்துவிடும்.

இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது சத்த அளவை ஒன்றாக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "சத்தம் அதிகம்" என்று உணராது, "தரம் அதிகம்" என்றே எடுத்துக்கொள்ளும். விற்கிறவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்லவில்லை. சென்சிட்டிவிட்டி அதிகமான ஜோடி அதே திருகலில் தானாகவே முந்திக்கொள்ளும். போனில் ஒரு டெசிபெல் செயலி போதும். நான் அதை நீட்டியபோது கடைப்பையன் என்னை வருமான வரிக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

தேறிய ஜோடி 8 ஓம், 88 டெசிபெல், ஆறரை இஞ்ச் வூஃபர், பின்பக்கம் பேஸைக் கூட்டும் போர்ட் துளை. பழையதைவிடப் பெட்டி பெரிது. ஹாஃப்மனுக்குக் கப்பம் கட்டித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து டிவி ஸ்டாண்டின் இரண்டு முனையிலும், சுவரை ஒட்டி வைத்துப் போட்டேன். சகிக்கவில்லை. கடையில் நடனமாடிய கும்கி இங்கே குமுறியது. ஒருசில சுரங்கள் வந்தால் மட்டும் ஜன்னல் கண்ணாடி பேசியது. அன்றைக்குத்தான் அறை என்கிற மூன்றாவது ஸ்பீக்கரைக் கண்டுகொண்டேன்.

எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் போய்த் திரும்பி, சில குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் தன்னைத்தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த எண் வரும். எங்கள் ஹாலுக்கு 40, 51, 56. ஸ்பீக்கரின் போர்ட் நன்றாக ஊதுவதும் ஐம்பதை ஒட்டித்தான். சுவரை ஒட்டி வைத்தால் சுவரும் தன் பங்குக்குப் பேஸைக் கூட்டும். மூலையில் வைத்தால் இன்னும் கூட்டும். மூன்று பேரும் ஒரே இடத்தில் கும்மியடித்தால் கும்கி எங்கே கேட்கும்?

போதாக்குறைக்கு நம் வீடுகளின் அமைப்பு. கான்கிரீட் கூரை, செங்கல் சுவர், வழவழப்பான டைல்ஸ். வெள்ளைக்காரர் பத்திரிகைகளில் எழுதும் அறையில் கம்பளமும் மரத் தரையும் ஜிப்சம் பலகைச் சுவரும் இருக்கும். அவை பாதிச் சத்தத்தைக் குடித்துவிடும். நம் அறை எதையும் குடிக்காது, அத்தனையையும் முகத்தில் துப்பும். கைதட்டிப் பாருங்கள், "ட்ரிங்" என்று ஒரு வால் கேட்டால் அதுதான். அந்த அறையில் "தெளிவான, பளிச்சென்ற" என்று புகழப்படும் ஸ்பீக்கரைக் கொண்டுவைத்தால் இரண்டு பாட்டில் தலைவலி. நம் ஊருக்கு மேல் ஸ்தாயி சற்றுச் சாந்தமான ஸ்பீக்கர்தான் சரி என்பது என் கட்சி.

நான் செய்தவை பெரிய செலவில்லை. அம்மாவின் சீதனப் பெட்டியிலிருந்து ஒரு பவானி ஜமக்காளத்தை எடுத்து ஸ்பீக்கருக்கும் திவானுக்கும் நடுவே விரித்தேன். ஜன்னலுக்கு மெல்லிசு திரையை எடுத்துவிட்டுக் கனத்த திரை. பக்கச் சுவரில் புத்தக அலமாரி. கண்ணாடிக் கதவு இல்லாதது. போர்ட் துளைக்குள் பையனின் பழைய ஸ்கூல் சாக்ஸைச் சுருட்டி அடைத்தேன். சில கம்பெனிகள் இதற்கென்றே பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள், எனக்கு வரவில்லை. சாக்ஸ் அதே வேலையைச் செய்கிறது. அடிபேஸ் கொஞ்சம் குறையும், குமுறல் நிறையக் குறையும்.

ஸ்டாண்ட் விஷயம் மட்டும் கொஞ்சம் அலைச்சல். ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வர வேண்டும். நான் உட்காரும் திவானில் காது தரையிலிருந்து 36 இஞ்ச். ஸ்பீக்கரின் ட்வீட்டர் அதன் அடியிலிருந்து 10 இஞ்ச். ஆக 26 இஞ்ச் ஸ்டாண்ட். விலைக்குக் கிடைப்பது அநியாய விலை. கிரில் பட்டறைக்குப் போனேன். சதுரப் பைப், மேலும் கீழும் தகடு என்று கிறுக்கிக் காட்டியதும், "பூந்தொட்டி வைக்கவா சார்? மேல் தகடு இவ்ளோ பெருசு தேவையில்ல" என்றார் வெல்டர். ஸ்பீக்கர் என்றேன். "அதுக்கு எதுக்கு சார் ஸ்டாண்டு, செவுத்துல மாட்டிரலாமே" என்றார். பைப்புக்குள் மணல் நிரப்ப மேலே ஒரு துளை விடச் சொன்னபோது விவாதத்தை நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்தது. அங்கே ஒரு வாளி எம்-சாண்ட் கேட்டு வாங்கி, மொட்டைமாடியில் நாள் முழுக்கக் காயவைத்து நிரப்பினேன். காலி பைப்பைத் தட்டினால் கோவில் மணி. மணல் நிறைந்ததும் "தொப்". தகட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு நாலு. பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் தள்ளி வைத்தேன். வீட்டில் நடக்க இடம் குறைந்ததற்கான பேச்சுவார்த்தை தனிக் கதை.

அன்று ராத்திரி கும்கி திரும்பி வந்தது. இதுவரைக்கும் ஆம்பை நான் தொடவே இல்லை, கவனியுங்கள்.

இப்போது ஆம்புக்கு வரலாம். அரைக்கால் வாட்ஸ் போதுமென்றால் அரை வாட்ஸ் ஆம்ப் போதுமா? போதாது. அரைக்கால் என்பது சராசரி. கச்சேரிப் பதிவில் மிருதங்கக்காரர் ஓங்கித் தட்டும் ஒரு தட்டு, சராசரியைவிட 20 டெசிபெல் மேலே போகலாம். நூறு மடங்கு, பன்னிரண்டு வாட்ஸ். ஒரு கண்ணிமைப்பு நேரத்துக்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் ஆம்ப் கைவிடக் கூடாது. பகலில் கொஞ்சம் சத்தமாகக் கேட்க, விருந்தாளி வந்தால் இன்னும் கொஞ்சம் என்று சேர்த்தால், என் 88 டெசிபெல் ஜோடிக்கு இந்த ஹாலில் உண்மையான 30, 40 வாட்ஸ் தாராளம். பழைய ஜோடிக்கு அதே சத்தத்துக்கு இதைப்போல ஐந்து மடங்கு கேட்டிருக்கும். கடைக்காரர் சொன்னதில் உண்மையாக இருந்த பாதி அதுதான்.

"உண்மையான" என்பதில்தான் சூட்சுமம். என் வயதுக்காரர்களுக்கு டூ-இன்-ஒன் காலத்து ஸ்டிக்கர் ஞாபகமிருக்கும்: "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைப்பு நேர உச்சத்தை ஊதிக் காட்டும் எண். ஆறு பெரிய பேட்டரியில், அதாவது 9 வோல்ட்டில் ஓடுகிற பெட்டி அது. ஸ்டிக்கர் போய்விட்டது, புத்தி போகவில்லை. இன்று அதே வேலையை "10 சதவீத டிஸ்டார்ஷனில்" (ஒலிச் சிதைவில்) என்ற பொடி எழுத்து செய்கிறது. பத்து சதவீதம் என்றால் அலை ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. என் பிறந்தநாள் விழாவின் கரகரப்பு அது. 0.1 சதவீதத்துக்கும் கீழே, 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது என்று போட்டிருக்கும் வாட்ஸைத்தான் நான் வாட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து ஓம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுரத்துக்கும் 8 ஓம் காட்டாது. ஒரு இடத்தில் 20-க்கு ஏறும், இன்னொரு இடத்தில் 4-க்கு இறங்கும். கே.இ.எஃப். 2012-இல் கொண்டுவந்த எல்.எஸ்.50 நல்ல உதாரணம்: அட்டையில் 8 ஓம், 85 டெசிபெல், கூடவே குறைந்தபட்சம் 3.2 ஓம் என்று நேர்மையாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் ஆம்ப் இரண்டரை மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். பவர் சப்ளை பலமாக இருக்கும் ஆம்ப் கொடுக்கும். மற்றது திணறும், சூடாகும், "டக்" என்று ரிலே விழுந்து நின்றுவிடும். இதை அட்டையிலேயே மோப்பம் பிடிக்கலாம். 8 ஓமில் 50 வாட்ஸ், 4 ஓமில் 80, 90 என்று ஏறியிருந்தால் நல்ல ஆம்ப். 4 ஓமுக்கு எதுவுமே எழுதாமல் மௌனம் சாதித்தாலோ, "6 ஓமுக்குக் குறையாமல்" என்று பின்பக்கம் அச்சடித்திருந்தாலோ, அதைக் கஷ்டமான ஸ்பீக்கரோடு சேர்க்க வேண்டாம்.

1978-இல் வந்த என்.ஏ.டி. (NAD) கம்பெனியின் 3020 ஆம்பின் புகழுக்குக் காரணம் இதுதான். அட்டையில் வெறும் 20 வாட்ஸ். ஆனால் திடீர் அடிகளுக்கு அதைவிட நிறையவே எடுத்துக் கொடுக்கும், கஷ்டமான ஸ்பீக்கர்களைக் கண்டு ஒதுங்காது. அதைவிடப் பெரிய எண் போட்ட பெட்டிகளை ஓரம் கட்டியது. வாட்ஸை வயது மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆளைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும்.

சின்னக் கிளாஸ் டி ஆம்புகளை நான் இகழவில்லை. நல்ல சிப், ஸ்டிக்கருக்குப் பொருந்துகிற அடாப்டர் என்று அமைந்தால் விலைக்கு மேலேயே உழைக்கும். நம் ஊர் மே மாதத்துக்குச் சூடாகாத ஆம்ப் ஒரு வரம்தான். மலிவான சிலவற்றில், ஸ்பீக்கரின் ஓமுக்குத் தக்கபடி மேல் ஸ்தாயி கொஞ்சம் தூக்கலாகவோ அமுங்கியோ மாறும். உங்கள் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதிகம் சூடாகும் ஏ.பி. வகை வாங்கினால் தலைக்கு மேல் நாலு விரல்கடை காற்று விடுங்கள். பூ வேலைப்பாடு செய்த துணியைப் போர்த்தி அதன்மேல் பிள்ளையார் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பிள்ளையாருக்கு வேறு இடம் பார்த்தோம்.

வால்யூம் குமிழ் பாதியில் இருந்தால் பாதிச் சக்திதான் போகிறது என்பதும் ஒரு மூடநம்பிக்கை. ஒயர் விஷயத்தில் மூன்று வரிக்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்று மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், எலக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது, போகவர 0.07 ஓம்தான். அதற்கு மேல் செலவழிக்கிற பணத்தில் இன்னொரு ஜமக்காளம் வாங்கலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் வூஃபரைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பரானால் வளையும். ஃபோம் ஆனால், சென்னைக் காற்றின் ஈரத்தில் பத்துப் பதினைந்து வருஷத்தில் மக்கிக் கறுப்பு மாவாக விரலில் ஒட்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொடுத்த ஆம்ப் என்றால் முதுகில் எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் சொருகாதீர்கள், அங்கே 120. சிங்கப்பூர்ச் சரக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

100 வாட்ஸ் ஆம்ப் என்ன ஆயிற்று? மீதித் தவணையோடு சேர்த்து மச்சான் எடுத்துக்கொண்டான். அவனிடம் மூன்றாமவரிடமிருந்து வந்த 82 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது, பசித்த பிள்ளைகள் மாதிரி. அங்கே அதற்கு வேலை உண்டு. என்னிடம் இப்போது இருப்பது 40 வாட்ஸ் ஏ.பி. ஆம்ப், இரண்டாம் கை. அதில் மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தேன். அதே ராத்திரிச் சத்தத்துக்கு முன்னைவிடக் குறைவான வோல்ட். ஃபேனை நிறுத்தினால் இன்னும் குறைக்கலாம். மின்விசிறியின் சத்தத்துக்கு மேலே பாட்டைத் தூக்கவே பாதிச் சக்தி போகிறது. தம்புராவின் வால் முழுக்க அதற்கடியில் புதைந்துவிடும். டிசம்பரில் பத்து நாள் ஃபேன் இல்லாமல் கேட்க முடிகிறது.

போன வாரம் திருப்பூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, ரூமுக்கு எத்தனை வாட்ஸ் போடறது?" ரூமை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். பத்துக்குப் பத்து. கூரை உயரம் கேட்டேன். அதுவும் பத்து. மூன்று பக்கமும் 56 ஹெர்ட்ஸ். இதைவிடக் கெட்ட அறையைத் தேடிப் பிடிக்க முடியாது. பின்சுவர் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ், உள்ளே அவன் கபடியில் வாங்கிய கோப்பைகள். "ஆம்பை அப்புறம் பார்க்கலாம், முதல்ல அந்த ஷோகேஸ் கண்ணாடியைக் கழற்று. இல்லைன்னா ஸ்பீக்கரை ஹாலுக்குக் கொண்டுபோ" என்று எழுதினேன். இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. மூன்று நாளாகப் பதில் இல்லை.